மெனுவில் இல்லாத பக்கங்கள்

சாந்தாமணி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. கதை போகப் போகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆவாரம்பாளையத்தில் பொன்னூத்து கிரைண்டர்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருசமாக வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்கிற யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து ரசத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் பொறாமை என்று ஒன்று இருக்கிறதே, அது நல்லவள் கெட்டவள் பார்த்தா வருகிறது? அவளுக்கு நாற்பத்து நாலாவது வயதில், அதுவும் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி மேல் வந்தது. லேசாகவும் வரவில்லை. சோறு இறங்காத அளவுக்கு வந்தது.

சாந்தாமணிக்குப் பிறந்த ஊர் வெள்ளகோவில். பி.காம். முடித்த கையோடு, கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த கதிரேசனைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்தாள். கம்பெனியில் பில் போடுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒன்பது வருசம் முன்பு ஒருநாள் முதலாளி சென்னியப்பன் வெளியே எங்கோ போய்விட்டு வந்து, நாற்காலியில் உட்காராமலேயே கேட்டார்.

"ஏஞ்சாந்தாமணி, பக்கத்துக் கம்பெனிக்காரனெல்லாம் வெப்சைட்டு வெச்சிருக்கறான். நமக்கும் ஒண்ணு வேணுமல்லோ. உனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியுங்க" என்றாள் சாந்தாமணி. ஒரு மண்ணும் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு, போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். கோடிங் எழுதத் தெரியாதவர்களும் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டு வெப்சைட் கட்டிக்கொள்ள ஒரு தளம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டாள். சாம்பார் அடிபிடித்துவிட்டது. ஆனால் மூன்றே மாதத்தில் பொன்னூத்து கிரைண்டர்ஸுக்கு வெப்சைட் வந்துவிட்டது.

முதல் பக்கத்தில் கிரைண்டரின் படம். பின்னால் தொங்குகிற சிவப்புத் துணி அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த சென்னிமலைப் போர்வை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "பக்க அமைப்பு: சாந்தாமணி, ஆவாரம்பாளையம்." அந்த வரிதான் அவளுடைய சொத்து. சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் யாராவது "நீ என்ன சோலி பாக்கறே அம்மணி?" என்று கேட்டுவிட்டால் போதும். போனை எடுப்பாள், சைட்டைத் திறப்பாள், கிரைண்டர் படத்தைக்கூடக் காட்டாமல் விரலால் தள்ளித் தள்ளி நேரே அடிக்குப் போய்விடுவாள். "இதுதானுங்க நானு."

இது போக இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தாள். அதுதான் நம் கதைக்கு முக்கியம்.

சைட் வந்த புதிதில், விற்கிற கிரைண்டர் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கத் தகட்டில் ஒரு க்யூஆர் கோடு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். போனை அதற்கு நேரே பிடித்தால் அந்த மெஷினின் விவரம் வர வேண்டும். ஆனால் வாங்கினவர்கள் எல்லாம் "வரலீங்களே, வரலீங்களே" என்று கூப்பாடு போட்டார்கள். சாந்தாமணி மெக்கானிக்கோடு கிளம்பி ஈரோட்டில் மூன்று வீட்டைப் போய்ப் பார்த்தாள். முதல் வீட்டிலேயே விசயம் விளங்கிவிட்டது. கிரைண்டரின் நெற்றியில், ஸ்டிக்கருக்கு மேலேயே, வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அது புதுப்பிக்கப்பட்டு அடை மாதிரி தடித்திருந்தது. 

"இதைத் துடைச்சுட்டுப் பாருங்களேனுங்க" என்றாள்.

அந்த வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்குதே! வெச்ச பொட்டை அழிப்பாங்களாக்கு? புதுச் சாமானம் ஊட்டுக்குள்ள வந்தா பொட்டு வெக்காம எப்படிங்க மாவாட்டறது?"

வாஸ்தவம்தான். சாந்தாமணி வீட்டு கிரைண்டரும் பொட்டோடுதான் இருந்தது. ஸ்டிக்கரை வேறு பக்கம் ஒட்டினால் அங்கேயும் சனம் ஒரு பொட்டு வைக்கும். அதனால் அவள் ஒரு யோசனை செய்தாள். ஒவ்வொரு கிரைண்டரின் அடித்தகட்டிலும் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பர் ஒவ்வொன்றுக்கும் சைட்டில் தனியாக ஒரு பக்கம் போட்டாள். வாங்கின தேதி, பெல்ட் அளவு, எந்தக் கல், அந்த ஊருக்குப் பக்கத்து மெக்கானிக்கின் போன் நம்பர், எல்லாம் அதில் இருக்கும். பெட்டிக்குள் வைக்கிற வாரண்டிச் சீட்டில், "சைட் பேருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு உங்கள் நம்பரை அடிக்கவும்" என்று தமிழில் அச்சடித்தார்கள். அவ்வளவுதான், கூப்பாடு நின்றது. நம் மெக்கானிக்குகளின் நம்பரைப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகக் கூடாதென்று அந்தப் பக்கங்களை மெனுவில் சேர்க்காமல் விட்டாள். நம்பர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது திறக்கும்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அன்றைக்கு லாரி ஏறின கிரைண்டர்களின் நம்பரை டெஸ்பாட்ச் நோட்டில் பார்த்துப் பக்கம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. ஒன்பது வருசத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் பக்கங்கள் ஆகிவிட்டன. மாடி ஆபீசில் இருக்கிறவர்களுக்கு அது ஏதோ தானாக நடக்கிற காரியம். சாந்தாமணி போடுவதால்தான் வருகிறது என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

போன ஆடியில் முதலாளியின் மகன் அருள்குமார் பெங்களூர் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பார்க்க வந்தான். வந்த முதல் வாரமே சைட்டைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். போனில் திறக்க அரை நிமிசம் ஆகிறது, ஆன்லைனில் விற்க வழியில்லை, பத்து வருசம் பழைய தளம், இதை அடியோடு வேறு தளத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்றான். மாற்றுவதற்கு ஆளையும் கூட்டிவந்தான். அவள்தான் பிரத்யுஷா. சாயிபாபா காலனிப் பெண். பழைய வெப்சைட்டுகளைப் புதுத் தளத்துக்குக் குடிமாற்றிக் கொடுப்பதுதான் அவளுடைய தொழில். அவளும் கோடிங் எழுதுகிறவள் இல்லை. சாந்தாமணி மாதிரியே பெட்டியை இழுத்துப் போடுகிறவள்தான். ஆனால் அவள் இழுத்தால் பெட்டி சொன்ன பேச்சுக் கேட்டுச் சொன்ன இடத்தில் நின்றது. சாந்தாமணி ஒன்பது வருசமாக அந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலி சாந்தாமணியுடையது. "அக்கா, லேப்டாப்பு சூடாகுதுங்க, இங்க உக்காந்துக்கட்டுங்களா?" என்று பிரத்யுஷா கேட்டாள். "தாராளமா உக்காருங்க அம்மணி" என்று எழுந்து கொடுத்துவிட்டு, ஜன்னலோரத்து வெயிலில் போய் உட்கார்ந்தாள். கோபம் ஏற ஏறச் சாந்தாமணியின் பேச்சில் மரியாதை கூடும். அவளைத் தெரிந்தவர்கள் அந்த "ங்க"வைக் கேட்டாலே ஒதுங்கிவிடுவார்கள். பிரத்யுஷாவுக்கு அது எங்கே தெரியும்? அக்கா எவ்வளவு தங்கமான மனுசி என்று நினைத்துக்கொண்டாள். சாந்தாமணி கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சோற்றில் நாலு வாய் வாங்கிச் சாப்பிட்டு, "எங்கம்மாவுக்கு இந்தப் பக்குவம் வராதுங்க்கா" என்று விரலை நக்கினாள். அதற்காகவாவது கொஞ்சம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முதலாளிதான் அவளைக் கொன்றார். சென்னியப்பன் யாரையும் லேசில் "அம்மணி" என்று கூப்பிடுகிற ஆள் இல்லை. சாந்தாமணிக்கே சைட் வந்த பிறகுதான் அந்த அம்மணி கிடைத்தது. வந்து பத்து நாள்கூட ஆகாத பிரத்யுஷாவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! போட்டோவுல மாவு பொங்கி வழியறாப்பல இருக்குது. பேஷ் அம்மணி, பேஷ்" என்றார். சாந்தாமணி பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

வீட்டில் வந்து கதிரேசனிடம் பொருமினாள். அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்தப் புள்ளை கெட்டிக்காரி போலிருக்குதே. நீயும் பக்கத்துல உக்காந்து கத்துக்கலாமல்ல?" என்றான். மனுசன் வேறெதையாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படியே புகைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அருள்குமார் புது சைட்டின் மாதிரியைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினான். வெள்ளை வெளேரென்று, பளிச்சென்று, தொட்டால் ஓடுகிற மாதிரி இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. அதுதான் சாந்தாமணிக்குத் தாங்கவில்லை. சிவப்புப் போர்வையைக் காணோம். சரி, போகட்டும். அடிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வரியும் இல்லை.

"கீழ பேரு ஒண்ணு இருந்துச்சுங்களே" என்றாள் மெதுவாக.

"இப்பெல்லாம் யாரும் அதைப் போடறதில்லீங்க்கா. பழைய ஸ்டைல்" என்றான் அருள்குமார், அடுத்த பக்கத்தைத் தள்ளிக்கொண்டே.

ஒன்பது வருசம் ஒரு வார்த்தையில் போயிற்று. பிரத்யுஷா தன் பேரை அங்கே போட்டுக்கொள்ளவில்லைதான். அது நியாயமாக யோசிக்கிறவர்களுக்கு. சாந்தாமணிக்கு அப்போது நியாயம் எங்கே கண்ணுக்குத் தெரிந்தது? தன் பேரைத் துடைத்தவள் இவள்தான் என்று மனசில் முடிந்துகொண்டாள்.

அதற்கு மறுநாள் பிரத்யுஷா நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். இந்தப் பழைய தளத்துல மொத்தமா எறக்கிக்க வழியில்லீங்க. ஒவ்வொரு பேஜா கையில எடுத்துத்தான் புதுசுல வெக்கோணும். மெனுல இருக்கற நாப்பத்திரண்டும் எடுத்துட்டேன். ஆனா மெனுல இல்லாம நம்பர் நம்பரா பத்தாயிரம் பேஜ் கெடக்குதுங்களே, அது என்னங்க? வேணுங்களா?"

இதோ, கேட்டேவிட்டாள். சாந்தாமணி வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒரு நிமிசம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் என்ன ஆகும்? இவள் நாலே நாளில் ஏதாவது ஒரு வித்தை செய்து பத்தாயிரத்தையும் புதுசுக்குக் கொண்டுபோய்விடுவாள். பளிச்சென்று வைப்பாள். முதலாளி எட்டிப் பார்த்து "பேஷ் அம்மணி" என்பார். தான் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து போட்டதெல்லாம் இவள் கணக்கில் போய் விழும். சொல்லாவிட்டால்? புது சைட் வரும், சனம் நம்பரை அடிக்கும், வராது. நாலு பக்கமும் போன் பறக்கும். அப்போது எல்லோரும் சாந்தாமணியைத்தான் தேடி வர வேண்டும். பழைய சைட் எங்கே ஓடிவிடப் போகிறது, அங்கிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு தடவை, இவளால் ஆகாதது என்னால் ஆயிற்று என்று இருக்கட்டுமே.

"அதுங்களா? அது நான் கத்துக்கறப்ப சும்மா போட்டுப் பாத்ததுங்க அம்மணி. வெறுங்குப்பைங்க. உட்டுருங்க" என்றாள். நாலு "ங்க".

"ஒண்ணைத் தொறந்து பாத்தேங்க்கா. பெல்ட்டு சைஸெல்லாம் போட்டிருந்துச்சே?"

"பழைய பெல்ட்டுங்க."

"சரிங்க்கா. நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள் பிரத்யுஷா. தன் ஒன்பது வருச வேலையைத் தன் வாயாலேயே குப்பை என்று சொல்லிவிட்டோமே என்று சாந்தாமணிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. தண்ணீர் குடித்துவிட்டு பில் போட உட்கார்ந்தாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது, அதையும் சொல்லவில்லை. புது சைட்டோடு புது க்யூஆர் ஸ்டிக்கர் வேறு அச்சாகி வந்திருந்தது. எங்கே ஒட்டப் போகிறார்கள் தெரியுமா? முன்பக்கத் தகட்டில், சரியாக நெற்றியில்.

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணிக்குப் புது சைட்டைத் திறப்பதென்று நாள் குறித்தார்கள். ஈரோடு, சோமனூர், வெள்ளகோவில் டீலர்களெல்லாம் வந்திருந்தார்கள். கம்பெனி முழுக்க மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும். லேத், டிரில்லிங் மெஷின், தராசு, தள்ளுவண்டி வரைக்கும் திருநீறு, சந்தனம். நடுவில் ஒரு புது கிரைண்டரைப் பட்டுத் துணி போட்ட மேசையில் வைத்திருந்தார்கள். அதன் நெற்றியில் புது ஸ்டிக்கர். மேலே பெரிய டிவியில் புது சைட்.

சென்னியப்பன் குளித்து வெள்ளை வேட்டியோடு வந்தார். கற்பூரம் காட்டினார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, மேசை மேலிருந்த கிரைண்டரின் நெற்றியில் கட்டை விரலால் அகலமாக ஓர் இழுப்பு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். சாந்தாமணி பின்வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அருள்குமார் மைக்கைப் பிடித்து ஏதேதோ பேசிவிட்டு, "இப்ப பாருங்க" என்று போனை கிரைண்டருக்கு நேரே நீட்டினான். ஒன்றும் வரவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனான். தள்ளி நின்றான். சாய்த்துப் பிடித்தான். டீலர்களில் ஒருவர், "சாமி பொட்டு வெச்சதுக்கப்புறம் கண்ணு தொறக்குமாக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. பிரத்யுஷாவின் முகம் செத்துப்போயிற்று. சாந்தாமணிக்கோ உள்ளுக்குள் தீபாவளி.

"கோடு போனாப் போகுது உடு" என்றார் சென்னியப்பன். "நம்ம நம்பர் இருக்குதல்லோ. எங்க ஊட்டு கிரைண்டர் நம்பர் இருநூத்திப் பதினாலு. அதைப் போடு அம்மணி."

பிரத்யுஷாவுக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. அவரே குனிந்து ஒற்றை விரலால் அடித்தார். டிவியில் பெரிய எழுத்தில் வந்தது: "நீங்கள் தேடும் பக்கம் இல்லை." அவர் திரும்பவும் அடித்தார். இல்லை. சோமனூர் டீலர் தன் போனில் ஒரு நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "இங்கயும் இல்லீங்க" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சாந்தாமணி எங்கே? சாந்தாமணியைக் கூப்புடு."

ஆகா! இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் முன்னால் வந்தாள். பத்து நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியதைச் சொன்னாள். "அது பழைய சைட்டுல இருக்குதுங்க. நான் எடுத்துக் குடுத்துடறேனுங்க. ஒண்ணும் பதறாதீங்க."

"பழைய சைட்டா?" என்றான் அருள்குமார். "அந்த அக்கவுண்ட்டை நேத்து ராத்திரியே க்ளோஸ் பண்ணியாச்சே. ரெண்டும் ஒட்டுக்கா இருந்தா குழப்பமாயிரும்ன்னு எல்லாத்தையும் அழிச்சாச்சு. மறுபடி எடுக்கவே முடியாது. அவங்க மெயில்லயே தெளிவா சொல்லிட்டாங்க."

சாந்தாமணிக்குக் காது அடைத்துக்கொண்டது. அழித்தாச்சு. பத்தாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு சாயங்காலமும் ஐந்து மணிக்கு. மெதுவாகப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டீலர்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்து ஒருவாறு சமாளித்து அனுப்பிவிட்டு, மாடி ஆபீசில் நாலு பேர் நின்றார்கள். சென்னியப்பன், அருள்குமார், பிரத்யுஷா, சாந்தாமணி. அருள்குமார் பிரத்யுஷாவைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி போன் அடித்தது. சென்னியப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நான் வெள்ளகோவில்ல இருந்து மாரியாத்தா பேசறனுங்க. இட்லி மாவு யாவாரம் பண்றனுங்க. எம்பட கிரைண்டர் நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. பெல்ட்டு அந்துபோச்சுங்க. நாலு படி அரிசி ஊறிக் கெடக்குது. நம்பரப் போட்டா பக்கமே இல்லீங்குது. எங்க போச்சுங்க? அதுலதானுங்க எப்பவும் மெக்கானிக்கு நம்பரு பாப்பேன்."

சாந்தாமணி போனை வாங்கினாள். "உங்குளுது அம்பத்தி நாலு பெல்ட்டுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பொறகால சென்னிமலைன்னு நம்ம மெக்கானிக்கு இருக்கறாரு. இப்பவே அனுப்பறேனுங்க" என்று பார்க்காமலே சொன்னாள். இந்த ஒன்று அவள் பிறந்த ஊர் என்பதால் மனசில் இருந்தது. மிச்சம் பத்தாயிரத்துக்கு என்ன செய்வாள்?

போனை வைத்ததும் சென்னியப்பன் கேட்டார். "இத்தனை பக்கத்தையும் எடுக்காம உட்டது ஆரு?"

சாந்தாமணி தரையைப் பார்த்தாள். பிரத்யுஷா சொல்லப் போகிறாள், அக்காவைக் கேட்டேன், அவர்தான் குப்பை என்றார் என்று. சொல்லட்டும். சொன்னால் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டுவிடலாம் என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்தாள். அவ்வளவு தூரம் போயிருந்தது.

பிரத்யுஷா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "என்னோட தப்புதாங்க சார். ஒண்ணைத் தொறந்து பாத்தேன், சந்தேகமும் வந்துச்சு. எடுத்து வெச்சிருக்கோணும். உட்டுட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

சென்னியப்பனின் முகம் இளகிவிட்டது. "சரி உடு அம்மணி. தப்பை ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும். அது எத்தனை பேர்த்துக்கு இருக்குது?"

அவ்வளவுதான். சாந்தாமணிக்கு உச்சந்தலையில் தீப்பற்றிக்கொண்டது. நாற்காலி போச்சு, அம்மணி போச்சு, பேர் போச்சு. இப்போது பழியையும் இவளே எடுத்துக்கொண்டு, அதற்கும் பேர் வாங்குகிறாளா? மனசாம்! என் பொய்யைத் தின்றுவிட்டு இவள் நல்லவளாக நிற்பாள், நான் ஒன்றுமில்லாதவளாக மூலையில் நிற்பதா? முடியாது. குற்ற உணர்ச்சியில் சொன்னாள் என்று பின்னால் பலரும் பெருமையாகப் பேசினார்கள். இல்லவே இல்லை. பொறாமையில்தான் சொன்னாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்திவிட்டாள். ஒரு "ங்க"கூட இல்லை. "எங்கிட்ட வந்து கேட்டா. நான்தான் குப்பைன்னு பொய் சொன்னேன். அந்த ஸ்டிக்கர் ஒட்டற எடமும் தப்புன்னு எனக்குத் தெரியும். அதையும் சொல்லலை. தப்பு எம்படது. அவளுது இல்லை."

அருள்குமார் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏஞ்சாந்தாமணி? எதுக்கு?"

"சொல்லியிருந்தா பேரு அவளுக்குப் போயிருக்குமுங்க."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. எத்தனை சின்ன விசயம். பத்தாயிரம் வீட்டு அம்மாக்கள் நம்பரை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவ்வளவுதான் காரணம். அழக் கூடாதென்று நினைத்தாள், அழுதுவிட்டாள்.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "டெஸ்பாட்ச் நோட்டெல்லாம் குடோன்ல பரண் மேல இருக்குது. ஒம்பது வருசத்துதும் இருக்குது. நாளைக்கு எறக்கிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அம்மணி என்று சொல்லவில்லை. அதன் பிறகு இன்றைய தேதி வரைக்கும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தூசி தட்டின நோட்டுகள் மேசை மேல் ஆளுயரத்துக்கு நின்றன. சாந்தாமணி நம்பரையும் ஊரையும் படிப்பாள், பிரத்யுஷா புதுத் தளத்தில் ஏற்றுவாள். முதல் நாலு நாள் "அடுத்தது", "அடுத்தது" என்பதைத் தவிர பேச்சே இல்லை. நோட்டில் இல்லாத சங்கதிகளைச் சாந்தாமணி நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இந்த ஊரில் உப்புத்தண்ணீர், பெல்ட் சீக்கிரம் போகும். அந்த மெக்கானிக் செவ்வாய்க்கிழமை வரமாட்டார். ஐந்தாம் நாள் பிரத்யுஷா கையை நிறுத்தினாள்.

"இவ்வளவும் எப்படிங்க்கா ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான நம்பினேன்" என்றாள்.

சாந்தாமணி நோட்டைப் புரட்டினாள். "உன்னையப் பாத்தா வயிறெரியுது கண்ணு. இப்பவும் எரியுது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

பிரத்யுஷா சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது சாந்தாமணிக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

பாதி நம்பர் ஏறி முடிந்த அன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு பிரத்யுஷா கேட்டாள். "அக்கா, நம்பர் பேஜுக்குக் கீழ மட்டும் பேரு போட்டுக்கலாம்ன்னு சார்கிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. ரெண்டு பேர்த்துதும் போடட்டுங்களா?"

"பேரெல்லாம் எதுக்கு கண்ணு? நான் பண்ணின காரியத்துக்குப் பேரு ஒண்ணுதான் கேடு" என்றாள் சாந்தாமணி. நோட்டை அடுக்கினாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் போனாள். அங்கே நின்றாள்.

"ஏங் கண்ணு."

"சொல்லுங்க்கா."

"போடறதா இருந்தா எம்பட பேரை மேல போடு. உம்படது கீழ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விடுவிடென்று படியிறங்கிப் போய்விட்டாள்.